மூன்றாவது சுரங்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள அறுந்தவாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே. ஏறாதே என்றால் ஏறுவாள். ஏறு என்று சொல்லிப் பார்.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. ஆபீஸ் போனில் பேசினால் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து பேனாவை உருட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு முன்னால் அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது. புதன்கிழமை லாரி தபால் பையைக் கொண்டுவந்து, இங்கிருக்கும் தபாலை எடுத்துப் போகிறது. எனக்கு அது போதும்.

ஒரு செய்தி. மேல் சுரங்கங்கள் இரண்டும் காலியாகிக்கொண்டு வருகின்றன. பன்னிரண்டு வருடமாக மூடிக்கிடந்த மூன்றாவது சுரங்கத்தைத் திறக்கப்போகிறார்கள். கூரையைத் தாங்கும் மரமுட்டுகள் இன்னும் நிற்கின்றனவா என்று பார்க்க முட்டு மேஸ்திரி என்ற முறையில் முதலில் என்னைத்தான் அனுப்பினார்கள். உள்ளே நூறடி போனதும் கூரை கறுப்பாக ஈரப்பாறை மாதிரி தெரிந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். பாறை கண் திறந்து என்னைப் பார்த்தது. அத்தனையும் வௌவால். ஆயிரமா, பத்தாயிரமா, எண்ண முடியாது. கீழே எச்சம் கெண்டைக்கால் வரைக்கும். அந்த நாற்றத்தைக் கடிதத்தில் வைத்து அனுப்ப முடிந்தால் உன்மேல் உள்ள பழைய கணக்கையெல்லாம் தீர்த்துவிடுவேன்.

போன வாரம் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள். சுரங்க வாயில் வலை கட்டினார்கள். வௌவாலைப் பிடித்துத் தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்துப் பறக்க விட்டார்கள். அவர்களில் ஒரு பெண் வழுக்கி எச்சத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தோம். எங்கள் விளக்குக்காரர் மட்டும், "நம்மளயும் பிடிச்சுத் தொண்டையில பஞ்சு விடுவாங்க போலிருக்கே" என்றார். விளக்கு அறையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் இவர். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் இவர்தான் தலைவிளக்குக் கொடுக்கிறார். எல்லா விளக்கும் திரும்பி வராமல் சாப்பிட எழுந்திருக்கமாட்டார்.

அந்த வெள்ளைக் கூட்டம் உன் கூட்டமா? எழுது.

உன் மேல் என்றும் பாசமுள்ள,
அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணா,

அம்மா சுகம். நீ சொன்னபடி "மாடி ஏறும்மா" என்றேன். "சரி" என்று ஏறிவிட்டாள். இனி யோசனை சொல்வதாக இருந்தால் நீயே வந்து சொல். அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

ஆமாம், அது எங்கள் கூட்டம்தான். வழுக்கி விழுந்தவள் என் பக்கத்து மேசைக்காரி. காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வருகிறாள். விழுந்ததைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. இனி என் கையில் அவள் மாட்டிக்கொண்டாள்.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். காட்டு மிருகங்களின் உடம்பில் சில கிருமிகள் அவற்றுக்குத் தொல்லை கொடுக்காமல் காலகாலமாகக் குடியிருக்கும். மனிதனுக்குத் தாவினால்தான் விபரீதம். எது தாவும், எப்போது தாவும் என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. வௌவாலைக் குற்றம் சொல்லக்கூடாது அண்ணா. அது தன் வீட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, நாம்தான் கதவைத் தட்டாமல் போகிறோம்.

என் அறைக்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும். நடுவில் பதினொரு விநாடி நிற்கவேண்டும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. சேர்ந்த புதிதில் அந்தப் பதினொரு விநாடியில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். இப்போது வீட்டுச் சாமான் பட்டியல் போடுகிறேன்.

உங்கள் சுரங்கத்து வௌவால்களிடம் எடுத்த பஞ்சுகளின் பெட்டி ஃப்ரீசரில் இருக்கிறது. அடுத்த மாதம்தான் என் மேசைக்கு வரும். முடிவை உன்னிடம் சொல்ல முடியாது, சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். உன் கம்பெனிதான் இந்த ஆய்வைக் கேட்டது, அவர்களுக்குத்தான் போகும். எதற்கும் உள்ளே போகும்போது மூக்கைக் கட்டிக்கொள்.

அன்புடன்,
உன் அறுந்தவால்


மார்ச் 12

அன்புள்ள அறுந்தவாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்பதில் இப்போது ஒரு ஆள் கூட. உன் அண்ணிக்கு மூன்று மாதம். ஆறு வருடம் கழித்து. அம்மாவிடம் நீ சொல்லாதே, நானே தனியாக எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை, சிரிப்பு வந்துவிடுகிறது.

சுரங்கத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பித்துவிட்டோம். என் கீழ் இருபத்திரண்டு பேர். மண்வெட்டியால் எச்சத்தை வாரித் தள்ளுவண்டியில் போட்டு வெளியே கொண்டுபோகிறோம். காய்ந்தது தூசியாகக் கிளம்புகிறது. கம்பெனி ஆளுக்கு ஒரு வாய்த்துணி கொடுத்தது, ஒரு மணி நேரத்தில் அது வேர்வையில் நனைந்து மூச்சை அடைக்கிறது. கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொள்கிறோம். பாட்டுக்காரர் என்று ஒருத்தர் இருக்கிறார், வாயை மூடிக்கொண்டு அவரால் மண் வாரவே முடியாது. அவர் பாடினால் மேலே வௌவால்கள் குளிர் வந்த மாதிரி ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்கின்றன. பாட்டு அப்படி.

உன் பெட்டி மேசைக்கு வந்ததா? எங்கள் வௌவால் நல்ல வௌவால்தானே?

வேலையை நினைத்தால் கொஞ்சம் எரிச்சல்தான். கேட்டுக்கு வெளியே போக மேனேஜர் சீட்டு வேண்டும். சுரங்கம் திறக்கும்வரை யாருக்கும் சீட்டு இல்லை என்றுவிட்டார். அண்ணியை டவுன் டாக்டரிடம் காட்டக்கூட ஏப்ரல் போகட்டும் என்கிறார். பார்க்கலாம்.

பாசமுள்ள,
அண்ணன்


மார்ச் 20 (எழுதி, தபாலில் சேர்க்காதது)

அண்ணா,

நீ நலமாக இருக்கவேண்டும். இந்தத் தடவை அதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

உங்கள் பெட்டியை முடித்துவிட்டேன். நூற்று நாற்பது வௌவால்களில் பதினொன்றில் கிருமி இருக்கிறது. முதலில் என் கைத்தவறு என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். அதே பதினொன்று. வேறொரு கண்டத்தில் சுரங்கக்காரர்களுக்குக் காய்ச்சலும் ரத்தப்போக்கும் கொண்டுவந்து கொன்ற ஒரு கிருமி இருக்கிறது, இது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். இதுவும் மனிதனுக்குத் தாவுமா என்பது தெரியாது. தாவாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நேற்று இயக்குநரிடம் போனேன். உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள் சார், என் அண்ணனே இருக்கிறான் என்றேன். அவர் கத்தவில்லை. என்னை உட்காரச் சொல்லி, இன்னொரு ஆய்வுக்கூடமும் பார்த்து உறுதி செய்யவேண்டும், ஆறு வாரம் ஆகும் என்று விளக்கினார். கம்பெனிக்கு இப்போது உறுதியாக ஒன்றும் இல்லை என்று இடைக்கால அறிக்கை போகுமாம். "நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலியே. பொறுத்திருக்கத்தான் சொல்றேன்" என்றார். அறிக்கையின் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். போட்டுவிட்டு வந்து இரட்டைக் கதவுக்கு நடுவில் நின்றேன். உள்கதவு திறந்து, நேரம் கடந்து, மறுபடியும் தானாக மூடிக்கொண்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே சொன்னால் வேலை போகும். வழக்குப் போடுவார்கள். வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் இந்த வேலையில் தொங்குகிறது. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், அப்போது இருபத்திரண்டு பேர் பிழைப்பும் என்னால் போகும்.

அண்ணா, நாளையிலிருந்து உள்ளே போகாதே. யாரையும் போக விடாதே.


மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலமா? நல்ல செய்தி கேட்டு அம்மா பக்கத்து வீடு நான்கிலும் சொல்லிவிட்டாள். ஐந்தாவது வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.

உங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை. பொதுவாக, இப்படிப்பட்ட இடங்களில் வாய்த்துணியைக் கழற்றாமல் இருப்பது நல்லது. பொதுவாகச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போ. உன் உடுப்பை அண்ணி துவைக்கவேண்டாம், நீயே துவைத்துக்கொள். முடிந்தால் மேல் சுரங்கத்துக்கு மாற்றல் கேட்டுப் பாரேன். அம்மாவுக்கும் உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறதாம். பத்து நாள் லீவு போட்டு வா. கட்டாயம் வா.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 8

அன்புள்ள அறுந்தவாலுக்கு,

நலம். அண்ணிக்கு வாந்தி நின்று பசி வந்துவிட்டது. நான் உடுப்புத் துவைப்பதைப் பார்த்து குடியிருப்புப் பெண்கள் வேலி ஓரம் கூடி நிற்கிறார்கள். உன் புண்ணியத்தில் அண்ணிக்கு ராஜமரியாதை. மற்ற ஆண்களுக்கு என்மேல் கடுப்பு.

மாற்றல் கேட்டேன். "எதுக்குப் பயப்படுறீங்க? உங்க தங்கச்சி ஆபீஸ்லருந்தே ரிப்போர்ட் வந்துருச்சு" என்று மேனேஜர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் உன் சுருக்கொப்பம். பள்ளிக்கூடத்தில் போட்டுப் பழகிய அதே கோணல் எழுத்து. எனக்கு மனசு லேசாகிவிட்டது. வெளியே வந்து ஆட்களிடமும் சொன்னேன். நீ இருக்கும்போது எனக்கு என்ன பயம்?

சுரங்கத்தில் பாதி சுத்தமாகிவிட்டது. உள்ளே இருட்டு மூலைகளில் தலைவிளக்குப் போதவில்லை. அதனால் போன மாதக் கடைசியில் விளக்குக்காரரை நான்தான் கூப்பிட்டு, உள்ளே வரிசையாக விளக்குத் தொங்கவிடச் சொன்னேன். "என் வேலை விளக்கைக் கொடுக்கிறது, கூடவே வர்றதில்ல" என்று முனகிக்கொண்டே வந்தார். நான்கு நாள் உள்ளேயே இருந்தார்.

அடுத்த வாரம் புகை போட்டு வௌவாலை விரட்டப்போகிறார்கள். மூன்று நாளாக பாட்டுக்காரர் வேலைக்கு வரவில்லை, காய்ச்சலாம். இன்னும் இரண்டு பேருக்கும் தலைவலி. தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

லீவு இப்போது இல்லை. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

பாசமுள்ள,
அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

அம்மா நலம். காய்ச்சல்காரர்களுக்கு எப்படி இருக்கிறது? எத்தனை நாளாக? வாந்தி இருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா? உடனே எழுது.

புகை போடவேண்டாம் என்று சொல். விரட்டினால் வௌவால்கள் சிதறிப் போகும், பிறகு இளசுகளாகத் திரும்பி வந்து நிறையும். அப்போது நிலைமை இன்னும் மோசமாகும். அந்த அறிக்கையை நம்பாதே. அதில் எல்லாம் இல்லை. இதற்குமேல் எழுத முடியாத இடத்தில் இருக்கிறேன், புரிந்துகொள். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

தங்கை


மே 1

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வருவதற்குள் புகை போட்டாகிவிட்டது. இங்கே கேட்டைச் சில நாள் மூடி வைத்திருக்கிறார்கள், ஏதோ பேப்பர் வேலையாம். எனக்குக் கொஞ்சம் அசதி. கை நடுங்குவதால் எழுத்துக் கோணல், உன்னைக் கிண்டல் பண்ணியதற்குத் தண்டனை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். மழை வரும் போலிருக்கிறது.

அண்ணன்

(அதே உறைக்குள், நான்காக மடித்த துண்டுத்தாளில்)

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது. உறையை ஒட்ட என்னிடம் கொடுத்தார், அவருக்குத் தெரியாமல் இதை வைக்கிறேன். அவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருக்கிறது. பாட்டுக்காரரும் அவர்கூட மண் வாரின இன்னொருத்தரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முந்தாநாள் விளக்குக்காரர் இறந்தார். படுத்திருப்பவர்கள் ஒன்பது பேர். சரக்குக் கொட்டகையில் கிடத்தியிருக்கிறார்கள். கேட்டில் காவல் போட்டு யாரையும் வெளியே விடவில்லை, டாக்டரையும் உள்ளே கூப்பிடவில்லை. செய்தி வெளியே போனால் சுரங்கத்தை மூடிவிடுவார்களாம். தபால் பை மட்டும் போகிறது, கடிதம் எழுதுவோம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போல.

விளக்குக்காரர் கடைசிவரை ஒரு விளக்கு குறையுது, ஒரு விளக்கு குறையுது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உன் அண்ணன் கொட்டகைக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். என்னை அடுத்த வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாகத்தான் பேசுகிறோம். நீ படித்தவள், இது என்ன நோய் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்.


மே 9

அண்ணா,

இதை நீ படிக்கும் நிலையில் இருக்கவேண்டும்.

அண்ணியின் தாளைப் படித்த ஒரு மணி நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் போய் முடிவுகளைப் பிரதி எடுத்தேன். அம்மாவின் மருந்துப் பையில் வைத்து வெளியே கொண்டுவந்தேன். நேராகச் சுகாதார அதிகாரியிடம் போனேன். முழுவதையும் படித்தார். "இது எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?" என்று கேட்டார். "மார்ச் பத்தொன்பது" என்றேன். தாளின் மூலையில் அந்தத் தேதியை எழுதினார். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்றே மருத்துவர்கள் கிளம்பிவிட்டார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் உன்னிடம் வந்திருப்பார்கள். அவர்கள் சொல்கிறபடி கேள். தண்ணீர் குடித்துக்கொண்டே இரு. உன் வேர்வை, வாந்தி எதுவும் யார்மேலும் படக்கூடாது. அண்ணி ஜன்னலுக்கு வெளியேயே இருக்கட்டும்.

என் வேலை போய்விட்டது. அது பெரிய விஷயமில்லை.

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மார்ச் இருபதாம் தேதி உனக்கு எழுதியது. அதை எழுதிவிட்டு இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு அதற்குப் பதிலாக வேறொன்றை அனுப்பினேன். அதை இப்போது அனுப்புவதால் உனக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் நீ என்னிடம் கேட்டதற்கு உண்மையான பதில் இதுதான்.

தங்கை


மே 24

அண்ணா,

நீ பிழைத்துவிட்டாய் என்று மருத்துவக் குழுவிலிருந்து அம்மாவுக்குத் தகவல் வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. அண்ணியும் குழந்தையும் எப்படி? உன் கையால் ஒரு வரி எழுது.

தங்கை


ஜூன் 14

அண்ணா,

நாங்கள் நலம். மூன்று புதன்கிழமை போய்விட்டது. நீ எழுதவேண்டாம். அண்ணியாவது எழுதட்டும்.

தங்கை


ஜூலை 3

தங்கைக்கு,

உடம்பு தேறிவிட்டது. முடி கொட்டுகிறது, காதில் இரைச்சல் இருக்கிறது, அவ்வளவுதான். உன் அண்ணிக்கு நோய் வரவில்லை. வயிற்றில் உள்ளது நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

நீ அனுப்பிய பழைய கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மொத்தம் மூன்று பேர் போனார்கள். பாட்டுக்காரரும் மற்றவரும் மார்ச் தொடக்கத்திலிருந்தே மண் வாரியவர்கள், அவர்களுக்கு எப்போது ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஆனால் விளக்குக்காரர் அதுவரை அந்தச் சுரங்கத்துக்குள் கால் வைத்ததே இல்லை. மார்ச் இருபத்தேழு புதன்கிழமைப் பையில் உன் கடிதம் வந்தது. பொதுவாக, பொதுவாக என்று எழுதியிருந்தாயே, அது. படித்துச் சிரித்துவிட்டு சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள் காலையில் அவரை உள்ளே கூப்பிட்டேன். அந்தத் தபால் பையில் இந்தப் பழைய கடிதம் வந்திருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

கூப்பிட்டது நான். அது என்னை விட்டுப் போகாது. ஆனால் நான் தெரியாமல் கூப்பிட்டேன். உன் சுருக்கொப்பத்தைப் பார்த்துவிட்டு ஆட்களிடம் பயப்படாதீர்கள் என்றும் சொன்னேன். அவருடைய மனைவி இப்போது விளக்கு அறை வாசலில் வந்து உட்காருகிறாள். நான் அந்த வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன்.

நீ பயந்தாய் என்பது எனக்குப் புரிகிறது. அம்மாவுக்காகவும் பயந்தாய். எல்லாம் புரிந்தும் ஆறவில்லை. ஆறியதாக எழுத எனக்கு வராது.

இப்போது நான் எழுதுவது வேறு காரணத்துக்கு. புகைக்குப் பறந்த வௌவால்கள் திரும்பிவிட்டன, முன்னைவிட அதிகம். நீ சொன்ன மாதிரியே எல்லாம் சின்னது சின்னதாக இருக்கின்றன. மருத்துவர்கள் போய்விட்டார்கள். வரும் இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை மூன்றாவது சுரங்கத்தை மறுபடி திறக்கிறார்கள். உங்கள் ஆபீஸிலிருந்து புது அறிக்கை வந்திருக்கிறது, பாதுகாப்பானது என்று. உன் ஒப்பம் இல்லை, வேறு யாருடையதோ. மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துப் படித்தார். இறங்காதவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றும் சொன்னார். மலைக்குக் கீழே எங்களுக்கு வேறு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

மிச்சமிருக்கும் இருபது பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "மேஸ்திரி, உங்க தங்கச்சி என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள். எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

அண்ணனாகக் கேட்கவில்லை. அவர்களுக்காகக் கேட்கிறேன். இறங்கலாமா, கூடாதா? பொதுவாக வேண்டாம்.

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

கூடாது.

கீழே உள்ளதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கேட்டில் ஒட்டு. மேனேஜரிடம் ஒரு பிரதி கொடு. சுகாதார அதிகாரிக்கு நான் அனுப்பிவிட்டேன்.

"மூன்றாவது சுரங்கத்துக்குள் யாரும் இறங்கவேண்டாம். பிப்ரவரியில் அங்கே பிடித்த 140 வௌவால்களைப் பரிசோதித்தவள் நான். 11 வௌவால்களில் இந்தக் காய்ச்சலின் கிருமி இருந்தது. அந்தப் பதினொன்றில் ஒன்பது, தாயை விட்டுப் பிரிந்த இளம் வௌவால்கள். இப்போது திரும்பி வந்திருப்பவை பெரும்பாலும் இளசுகள். ஆகவே ஆபத்து முன்னைவிட அதிகம். பிப்ரவரிக்குப் பிறகு அங்கிருந்து ஒரு வௌவால்கூடப் பரிசோதனைக்கு வரவில்லை. பாதுகாப்பானது என்ற புதிய அறிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை. வௌவால்களில் கிருமி இருப்பது மார்ச் 19 அன்றே எனக்குத் தெரியும். அப்போது நான் சொல்லவில்லை."

கடைசி வரி தேவையில்லை என்று அம்மா சொன்னாள். இருக்கட்டும் என்றேன்.

புது அறிக்கைக்கு அடிப்படை இல்லை என்று சொன்னவள் பக்கத்து மேசைக்காரி. வீட்டுக்கே வந்து, "நாங்க அந்தச் சுரங்கத்துக்கு மறுபடி போகவே இல்ல, நானும் எழுதித் தர்றேன்" என்றாள். அவள் தாளும் உள்ளே இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்துவிட்டது, இனி அவளுக்கும் வரும். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

விளக்குக்காரரின் மனைவிக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதலாமா என்பதையும் நீதான் சொல்லவேண்டும்.

தங்கை


ஜூலை 18

தங்கைக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவும் நலமாக இருக்கட்டும்.

தாள் நேற்றுப் பையில் வந்தது. கேட்டில் ஒட்டினேன். பத்து நிமிடத்தில் மேனேஜர் கிழித்தார். அதற்குள் படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்து எழுதிவிட்டார்கள். இப்போது இருபது வீட்டுக் கதவிலும் இருக்கிறது. கடைசி வரியைப் படித்ததும் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் மட்டும், "இதை எழுதினவங்க மத்ததுலயும் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார்.

திங்கட்கிழமை யாரும் இறங்குவதில்லை என்று முடிவாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் வீடுகளைக் காலி செய்யும்படி இன்று மதியம் உத்தரவு வந்தது. சுகாதார அதிகாரி வருவார் என்கிறார்கள். வரும்வரை நாங்கள் இங்கேயே இருப்போம். வெளியேறினால் வேறு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இத்தனை நாள் அவர்கள் எங்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், இப்போது நாங்களே போகாமல் உட்கார்ந்திருக்கிறோம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது.

அந்த அம்மாளுக்கு நீ எழுதவேண்டாம். நேரில் வந்து சொல். கேட் திறக்கும் நாளில் வா. நான் உன்னோடு வரமாட்டேன், நீ தனியாகத்தான் போகவேண்டும்.

உன் அண்ணிக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. அவளுக்கு மட்டும் வெளியே போகச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். யோசிக்காமல் உன் வீட்டைச் சொன்னாள். இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை மதியப் பஸ்ஸில் வருகிறாள். ஸ்டாண்டுக்குப் போய் நில். பெட்டியை அவளைத் தூக்க விடாதே. மருந்துச் சீட்டு, பெட்டியின் மேல் பையில் இருக்கிறது, காட்டவேண்டிய தேதியை வட்டம் போட்டிருக்கிறேன். மருத்துவர் எது சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே எனக்கு எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

நான் எப்போது வருவேன் என்று கேட்காதே.

அண்ணன்